வங்கி மதிப்பீடும் வீட்டுப் பரிசோதனையும்: வன்னியில் வீடு வாங்குவோர் ஒன்றாக எண்ணிவிடும் இரு வேலைகள்

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்த பின்னர் வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் வருகிறார். வளவைச் சுற்றிப் பார்த்து, அறைகளை அளந்து, நாலைந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார். அவருடைய அறிக்கை வங்கிக்குப் போய்ச் சேர்ந்து கடனும் அனுமதிக்கப்பட்டுவிட்டால், "வங்கியே ஆள் விட்டுப் பார்த்துவிட்டது, இனி வீட்டில் என்ன பிழை இருக்கப்போகிறது" என்ற முடிவுக்கு வாங்குபவர் இலகுவாக வந்துவிடுகிறார். அடுத்த மாரியில் கூரை ஒழுகும்போது அல்லது சுவரில் வெடிப்பு விரியும்போது, அந்த அறிக்கையை எழுதியவரிடமோ அதை ஏற்றுக்கொண்ட வங்கியிடமோ கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வீடு உறுதியாக நிற்குமா என்ற கேள்வியை அந்த அறிக்கை கேட்கவே இல்லை.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இந்தக் குழப்பம் ஏனைய இடங்களைவிடக் கூடுதலான செலவை வைக்கக்கூடியது. இங்குள்ள வீடுகளில் கணிசமானவை இடப்பெயர்வையும் எறிகணை வீச்சையும் பல ஆண்டுக் கைவிடலையும் கடந்து வந்தவை. ஏனையவற்றில் பல, மீள்குடியேற்றத்தின்பின் குறைந்த பணத்தில், கட்டம் கட்டமாக எழுப்பப்பட்டவை. இரு வகையிலும் பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே விலையைவிடப் பெரிய கேள்வி.

இரண்டு வேலைகள், இரண்டு கேள்விகள்

மதிப்பீடு என்பது ஒரு குறிப்பிட்ட திகதியில் இந்த ஆதனம் சந்தையில் எவ்வளவுக்குப் போகும் என்பதைத் தொழில்முறையாகக் கணித்துச் சொல்வது. அதைக் கேட்பவர் பெரும்பாலும் கடன் கொடுப்பவர். கடன் வாங்கியவர் தவணை கட்டாவிட்டால் ஈடு வைத்த வீட்டை விற்றுத் தன் பணத்தை மீட்க முடியுமா என்பதே வங்கியின் கவலை.

பரிசோதனை என்பது கட்டடத்தின் உடல்நிலையைப் பார்ப்பது. அத்திவாரம், சுவர், கூரை, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகியன இப்போது எந்த நிலையில் இருக்கின்றன, எது உடனே திருத்தப்படவேண்டும், எது இன்னும் சில ஆண்டு தாங்கும் என்பதைச் சொல்வது அதன் வேலை. அதைக் கேட்கவேண்டியவர் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர். அதில் பெறுமதித் தொகை இராது. திருத்தச் செலவின் உத்தேசம் மட்டும் இருக்கலாம்.

மதிப்பீட்டுக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துவதால், அறிக்கை தனக்காக எழுதப்பட்டது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் காசு கொடுப்பவர் ஒருவர், அறிக்கை யாருக்குரியதோ அவர் வேறொருவர். பெரும்பாலான மதிப்பீட்டு அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில், கட்டமைப்புச் சோதனை செய்யப்படவில்லை, மறைந்திருக்கும் குறைபாடுகளுக்குப் பொறுப்பில்லை, இந்த அறிக்கை குறிப்பிட்ட வங்கியின் பாவனைக்கு மட்டுமே உரியது என்ற கருத்தில் சில வரிகள் இருக்கும். தொகை எழுதப்பட்ட பக்கத்துக்கு முன்பாக இந்தப் பக்கத்தை வாசிப்பது நல்லது.

மதிப்பீட்டாளர் தொகையை எப்படி அடைகிறார்

இலங்கையில் விலை மதிப்பீட்டுத் தொழிலுக்குச் சட்ட அடிப்படை உண்டு. 1975 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டாளர்களுக்கான நிறுவகம் அமைக்கப்பட்டது. அரசின் தேவைகளுக்கு விலை மதிப்பீட்டுத் திணைக்களம் தனியாக இயங்குகிறது. வங்கிகள் தமது பட்டியலில் உள்ள தனியார் மதிப்பீட்டாளர்களைப் பயன்படுத்துகின்றன.

கடைத்தொகுதி போன்ற வருமானம் தரும் கட்டடங்களை வாடகையை அடிப்படையாக வைத்து மதிப்பிடுவதுண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு அது அவ்வளவு பொருந்தாது. வன்னியில் பொதுவாகக் காணியையும் வீட்டையும் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். காணிக்கு அயலில் அண்மையில் விற்ற காணிகளின் விலையோடு ஒப்பிடுவார்கள். வீட்டுக்கு, இன்று அதே வீட்டைப் புதிதாகக் கட்ட என்ன செலவாகும் என்று பார்த்து, வயதுக்கும் தேய்மானத்துக்கும் ஒரு வீதத்தைக் கழிப்பார்கள்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். கீழ்வரும் தொகைகள் முறை விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. வவுனியா நகரை அண்டி 4 பரப்புக் காணி, அதாவது 40 பேர்ச். அதில் 1,000 சதுர அடி வீடு. பேசி முடித்த விலை 1 கோடி 20 லட்சம் ரூபா.

1. காணி: பரப்பு 9 லட்சம் வீதம் 36 லட்சம்.
2. வீடு புதிதானால்: சதுர அடி 8,000 ரூபா வீதம் 80 லட்சம்.
3. தேய்மானம் 25 வீதம் கழிய, வீடு 60 லட்சம்.
4. மொத்த மதிப்பீடு: 96 லட்சம்.

வங்கி 70 வீதம் கடன் தரும் என்றால், வாங்குபவர் பேசிய விலையில் 70 வீதமான 84 லட்சத்தை எதிர்பார்த்து, மிகுதி 36 லட்சத்தைக் கையில் வைத்திருப்பார். வங்கியோ பேசிய விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுக்கும். 96 லட்சத்தில் 70 வீதம் 67 லட்சத்து 20 ஆயிரம். கையில் வேண்டியது 52 லட்சத்து 80 ஆயிரம். முன்பு நினைத்ததைவிட 16 லட்சத்து 80 ஆயிரம் கூடுதல். சில அறிக்கைகளில் இதற்கும் கீழே "கட்டாய விற்பனைப் பெறுமதி" என்று இன்னொரு தொகை இருக்கும். அவசரமாக விற்கவேண்டி வந்தால் கிடைக்கக்கூடிய தொகை அது. வங்கி அதை அடிப்படையாக எடுத்தால் இடைவெளி மேலும் விரியும்.

இந்தக் கணக்கில் அந்த 25 வீதத்தைக் கவனிக்கவேண்டும். அது வீட்டின் வயதையும் வெளித்தோற்றத்தையும் வைத்துப் போட்ட வீதம். கூரை மரத்தைக் கறையான் தின்றிருந்தாலும், அது சீலிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமானால், அந்த வீதம் மாறாது. ஒரே வயதுள்ள, ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில் ஒன்று உறுதியாகவும் மற்றது உள்ளே உக்கியும் இருக்கும்போது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பீடு வருவது மதிப்பீட்டாளரின் கவலையீனம் அல்ல. அந்த முறையின் எல்லை அவ்வளவுதான்.

பேசிய விலையை மதிப்பீடு ஏன் எட்டுவதில்லை

இதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ஒப்பிடுவதற்குரிய விலைகள் உறுதிகளில் குறைத்து எழுதப்பட்டிருப்பது. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உண்மையில் கைமாறிய தொகையைவிடக் குறைந்த தொகையை உறுதியில் போடும் பழக்கம் நாடு முழுவதும் தெரிந்த இரகசியம். ஒரு தெருவில் விற்ற நாலு வீடுகளின் உறுதிகளும் அப்படியே எழுதப்பட்டால், ஐந்தாவது வீட்டுக்கு வரும் மதிப்பீட்டாளரின் கையில் உள்ள எழுத்துச் சான்று முழுவதும் குறைந்த விலையையே காட்டும். அன்று தீர்வையில் மிச்சம் பிடித்தது பின்னர் அதே தெருவாரின் கடனில் வெட்டாக வந்து விழுகிறது. குறைத்து எழுதியவருக்கும் ஆபத்து உண்டு. விற்பனை பிற்காலத்தில் நீதிமன்றத்துக்குப் போனால், எழுத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகக் கொடுத்ததை நிரூபிப்பது அவருடைய தலையில்தான் விழும்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். வவுனியா நகரில் குருமன்காடு, வைரவபுளியங்குளம் போன்ற பகுதிகளில், பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் அவசரமாக வீடு தேடுபவர் கொடுக்கும் விலை, மாதச் சம்பளத்தில் கடன் கட்டுபவரால் கொடுக்கக்கூடிய விலையைவிட உயர்ந்திருக்கும். மதிப்பீட்டாளர் ஒருவருடைய விருப்பத்தைக் கணக்கிடுவதில்லை. சராசரி வாங்குபவரையே மனத்தில் வைத்திருப்பார்.

மூன்றாவது, ஆவணக் குறை. பிரதேச சபையோ நகர சபையோ அங்கீகரித்த கட்டட வரைபடம் இல்லாத வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வங்கி முழுப் பெறுமதிக்கு ஏற்கத் தயங்கும். அனுமதி பெற்ற 600 சதுர அடியோடு பின்னர் அனுமதியின்றி இன்னொரு 400 சதுர அடி சேர்த்திருந்தால், சேர்த்த பகுதி கணக்கில் வராமலே போகலாம்.

மதிப்பீடு குறைந்துவிட்டது என்று மதிப்பீட்டாளரோடு கோபிப்பவர்கள் பலர். என் பார்வையில் குறைந்த மதிப்பீடு வாங்குபவருக்குக் கிடைக்கும் இலவச எச்சரிக்கை. விலையை மீண்டும் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

பரிசோதனை: வன்னி வீட்டில் எங்கே பார்ப்பது

1. கூரை. வன்னியில் பரிசோதனை கூரையிலிருந்து தொடங்குவதே சரி. ஓட்டுக்கூரையானால் முகட்டு வளை, அதிலிருந்து சுவர்வரை சரிவாக இறங்கும் கைமரம், ஓட்டைத் தாங்கும் சலாகை ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். கைமரம் சுவரில் வந்து குந்தும் இடமே முக்கியம். ஈரமும் கறையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். சுவரின் உட்பக்கத்தில் விரலளவு அகலத்தில் மண்கோடு ஒன்று மேலே ஏறியிருந்தால் கறையான் வழி அது. புதிதாகப் பெயின்ற் பூசிய சுவரில் அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டு அடித்திருப்பார்கள். மரத்தில் மட்டும் தடம் நிற்கும். ஒரு திருப்புளியின் முனையால் மரத்தை அழுத்தினால் நல்ல வைரமுள்ள பனைமரம் இடம் கொடாது. உக்கிய மரத்தில் முனை உள்ளே இறங்கும். சீலிங் அடித்த வீடானால், கழிவறைக்கு மேலேயும் கூரைகள் சந்திக்கும் பள்ளத்தின் கீழேயும் ஒவ்வொரு பலகையைக் கழற்றிப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேட்கவேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையும் அறிக்கையில் எழுதவேண்டும். அஸ்பெஸ்ரஸ் சீற்றானால் வெடித்த சீற்றுகளையும், அவற்றை மாற்றும்போது தூள் பறக்கும் ஆபத்தையும் கவனிக்கவேண்டும்.

2. சுவரின் வரலாறு. 2008 இலும் 2009 இன் தொடக்கத்திலும் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது பலர் ஓட்டையும் மரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீள்குடியேற்றம் வரையில் அந்தச் சுவர்கள் கூரையின்றி மழையில் நின்றன. அப்படி நின்ற சுவரின் மேற்பகுதிச் சாந்து கரைந்து, கல்லும் கல்லும் பிடியின்றி இருக்கக்கூடும். அதன்மேல் புதுக்கூரை போட்டுப் பூசிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. எறிகணைச் சிதறல் பட்ட ஓட்டைகளும் அப்படியே அடைக்கப்பட்டவை. பூச்சை ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ள இடம் இறுகிய ஒலியும், விட்டுப்போன இடம் பொள்ளல் ஒலியும் தரும். ஆகவே பரிசோதகர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இந்த வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதோடு, எந்த ஆண்டுகளில் கூரையின்றி நின்றது என்பதுமாகும். அதற்கு விடை உரிமையாளரைவிட அயலாரிடம் நேர்மையாகக் கிடைக்கும்.

3. வெடிப்புகள். எல்லா வெடிப்பும் ஆபத்தல்ல. பூச்சு முழுவதும் மயிரிழையாக வலைபோலப் பரவியிருந்தால் சாந்து காயும்போது சுருங்கியது, பெயின்றோடு சரி. யன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலேறும் வெடிப்பு, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதையோ, கதவு யன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டல் போதாமையையோ காட்டக்கூடும். நிலைக்குத்தாக ஒரே நேர்கோட்டில் கீழிருந்து மேல்வரை போவது, பழைய சுவரோடு புதுச்சுவரைப் பிணைக்காமல் ஒட்டிக் கட்டிய இடமாக இருக்கலாம். பழைய அத்திவாரத்தின் மேல் பெரிய வீட்டை எழுப்பியவர்களின் வீடுகளில் இதைப் பார்க்கலாம். வெடிப்பின் அகலத்தைவிட அது வளர்கிறதா என்பதே முக்கியம். அதைப் பார்க்க, வெடிப்புக்குக் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவைத்துச் சில வாரம் கழித்து மீண்டும் அளப்பார்கள்.

4. மண். மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதியில் உள்ள கருங்களிமண் மாரியில் ஊறி வீங்கி, கோடையில் சுருங்கிப் பிளப்பது. அதன்மேல் ஆழமில்லாத அத்திவாரம் போட்ட வீடு ஆண்டுதோறும் சிறிது அசையும். கிளிநொச்சி, முல்லைத்தீவின் செம்மண் பகுதிகளில் இந்தத் தொல்லை குறைவு. கறையான்தான் அங்கே எதிரி.

5. கல்லும் கொங்கிரீற்றும். மீள்குடியேற்றத்தின் பின்னர் எழுந்த வீடுகளில் பல, உரிமையாளர் தாமே கட்டிக்கொள்ளும் முறையில் அமைந்தவை. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறும் ஒழுங்கில் தவணையாகக் கொடுக்கப்பட்டது. பணம் போதாத இடத்தில் சீமெந்தின் அளவே முதலில் குறையும். பூசாத பின்சுவர் ஒன்றில் சாவியால் கீறிப் பார்த்தால், பலமற்ற சீமெந்துக்கல் மணலாக உதிரும். முல்லைத்தீவுக் கரையோரத்திலோ பூநகரிப் பக்கத்திலோ உப்பு மணல் கலந்திருக்குமானால் கொங்கிரீற்றினுள் கம்பி துருப்பிடித்து வீங்கி, லிண்டலின் கீழ்ப்புறமும் சன்சேட்டின் விளிம்பும் வெடித்து உதிரும். அதைப் பூசி மறைப்பது திருத்தம் ஆகாது. துருவேறிய கம்பியைத் திறந்து சுத்தம் செய்யாதவரை அது உள்ளே தொடர்ந்து வளரும்.

6. மின்சாரம். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், நிலக்கம்பி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் குறைந்தபட்சம்.

கிணறும் வெள்ளமும்

வன்னியில் ஒரு வீட்டை ஒரே பருவத்தில் முழுமையாகப் பரிசோதிக்க முடியாது. ஒழுக்கும் வெள்ளமும் ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழையில்தான் தெரியும். கிணற்றின் உண்மையான ஆழம் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடியில் இறங்கும்போதே தெரியும். தை மாதத்தில் விளிம்புவரை நிற்கும் கிணற்றைக் காட்டி வீடு விற்பது எளிது.

ஆகவே பார்க்க முடியாத பருவத்துக்குச் சான்றுகளைத் தேடவேண்டும். கிணற்றின் உட்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டங்களின் கறைகள் வளையம் வளையமாக இருக்கும். இடையில் கிணற்றை ஆழப்படுத்தியிருந்தால் கட்டுக்குக் கீழே வெட்டிய பகுதியின் நிறம் வேறாக இருக்கும். வெள்ளத்துக்கு, வெளிச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோட்டைப் பார்க்கவேண்டும். சுவருக்குப் பெயின்ற் அடித்திருந்தாலும் மலசலகூடத்தின் பின்புறம், மதிலின் உட்பக்கம், மின்கம்பம் ஆகியவற்றில் அது எஞ்சியிருக்கும். 2018 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கொட்டிய மழையாலும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாலும், கிளிநொச்சி மாவட்டத்தின் தாழ்நிலங்களில் தண்ணீர் புகுந்தது. கண்டாவளை, முரசுமோட்டை, பரந்தன் பக்கங்களில் வீடு பார்ப்பவர் "2018 இல் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது" என்று அயலில் இரண்டு வீட்டில் கேட்டால், எந்த அறிக்கையிலும் கிடைக்காத விடை கிடைக்கும்.

தண்ணீரின் தரம் தனி. வவுனியா மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் கடினத்தன்மையும் புளோரைட்டும் கூடுதலாக உள்ளன. கடல்நீரேரியை அண்டிய பூநகரி, கண்டாவளைப் பகுதிகளில் உவர். ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பதற்குரிய செலவு, வீட்டு விலையில் ஒரு பொருட்டே அல்ல. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளக்கும்போது, பக்கத்து வளவின் குழியையும் சேர்த்து அளக்கவேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பரிசோதனையை யாரிடம் கொடுப்பது

புலம்பெயர்ந்த உறவினர்கள் தாங்கள் இருக்கும் நாட்டின் ஒழுங்கை மனத்தில் வைத்துப் பேசுவதால் இங்கே இன்னொரு குழப்பம் உண்டாகிறது. பிரித்தானியாவில் கடன் கொடுப்பவருக்கான மதிப்பீடும், வாங்குபவர் தன் செலவில் செய்விக்கும் கட்டட ஆய்வும் வெவ்வேறு சேவைகள். அமெரிக்காவில் மத்திய வீடமைப்பு நிர்வாகத்தின் காப்புறுதியோடு வரும் கடன்களில், மதிப்பீடு பரிசோதனை ஆகாது என்பதை விளக்கும் தனிப்படிவமே வாங்குபவரிடம் கொடுக்கப்படுகிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் அல்பேர்ட்டாவும் வீட்டுப் பரிசோதகர்களுக்கு உரிமம் கட்டாயம் என வைத்திருக்கின்றன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவில் 2017 இல் அதற்கென ஒரு சட்டம் நிறைவேறியபோதும், அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

இலங்கையில் வீட்டுப் பரிசோதகர் என்ற உரிமம் பெற்ற தனித் தொழில் வழக்கில் இல்லை. ஆகவே வாங்குபவர் தாமே ஆளைத் தேடவேண்டும். குடிசார் பொறியியலாளர் ஒருவர் முதல் தெரிவு. சிறிய வீட்டுக்கு, கட்டட வேலையில் நீண்ட அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் போதும். ஊரில் நம்பிக்கையான மேசனும் தச்சரும் கண்ணால் பார்த்துச் சொல்வதும் பயனுள்ளதே. ஆனால் அவர்கள் எழுதித் தருவதில்லை. திருத்தவேலை தமக்கே வரும் என்ற எதிர்பார்ப்பும் கலந்திருக்கலாம். தரகர் அழைத்து வரும் ஆளை மட்டும் தவிர்க்கவேண்டும். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குத் தரகுப் பணம். அவர் கூட்டிவந்தவருக்கு வெடிப்புகள் சிறிதாகத் தெரிவது இயல்பு.

இரண்டு அறிக்கைகளும் சொல்லாதவை

வீட்டின் உரிமை யாருடையது என்பதை மதிப்பீட்டாளரும் பார்ப்பதில்லை, பொறியியலாளரும் பார்ப்பதில்லை. அது சட்டத்தரணியின் வேலை. காணிப் பதிவகத்தில் பதிவேடுகளைத் தேடி, உறுதித் தொடர்ச்சியைப் பார்த்து அவர் தரும் அபிப்பிராயம் மூன்றாவது ஆவணம். வன்னியில் மற்ற இரண்டும் இதற்குப் பின்புதான் வரவேண்டும் என்பதற்குக் காரணங்கள் உள்ளன.

1. அனுமதிப்பத்திரக் காணி. குடியேற்றத் திட்டங்களில் பகிரப்பட்ட அரச காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதியின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. வெறும் கடிதத்தில் கையெழுத்து வாங்கி இலட்சக்கணக்கில் கொடுத்தவர் வீட்டில் குடியிருக்கலாம், உரிமையாளர் ஆவதில்லை. ஆண்டுக்கணக்கான ஆட்சியும் இங்கே உதவாது, ஏனெனில் அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை கோர முடியாது.

2. கூட்டுரிமை. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களின் காணியில் கூட்டுப் பங்காளர்களுக்கு முன்விலைக் கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு விற்குமுன் தாமே வாங்கும் உரிமை உண்டு. பங்காளர்களில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் எங்கே என்றே தெரியாது என்ற நிலை வன்னியில் சாதாரணம். அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கிய பங்கு வழக்கில் முடியக்கூடும்.

3. குளமும் காடும். குளத்தின் அலைகரைக்குள்ளோ வாய்க்கால் ஒதுக்குக்குள்ளோ வீடு நிற்கிறதா என்பதை நில அளவையாளரின் வரைபடமே சொல்லும். வவுனியா வடக்கு போன்ற இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லையோடு காணி உரசுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

4. வெடிபொருள். முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றல் பல ஆண்டுகள் நீண்டது. வீடு நிற்கும் இடம் பாதுகாப்பானது என்பதால் வளவின் பின்பகுதியும் அப்படியே என்று கொள்ளக்கூடாது. புதுக்கிணறோ குழியோ வெட்டும் எண்ணம் இருந்தால், துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட பரப்பின் எல்லையைக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாக உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அச்சாரம் எப்போது கொடுப்பது

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்த அச்சாரத்தை வைத்து, வீட்டை எழுதித் தரும்படி விற்பவரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் வேலைகளின் ஒழுங்கு முக்கியமாகிறது. முதலில் சட்டத்தரணியின் தேடல். அது தெளிவானால் பரிசோதனை. அதன்பின் நொத்தாரிசு மூலம் விற்பனை உடன்படிக்கை. கடனுக்கான மதிப்பீடு அதற்குப் பின்னர் வரலாம். ஆனால் கடன் குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாக அனுமதிக்கப்பட்டால் அச்சாரம் திருப்பித் தரப்படவேண்டும் என்ற நிபந்தனை உடன்படிக்கையில் இருக்கவேண்டும். இந்த ஒரு வரி இல்லாதபடியால்தான், மேலே காட்டிய 16 லட்சத்து 80 ஆயிரம் ரூபா இடைவெளி போன்ற ஒன்றை நிரப்ப முடியாதவர் வீட்டையும் அச்சாரத்தையும் சேர்த்து இழக்கிறார்.

பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் விலை பேசுவது மாறுகிறது. "கூரை சரியில்லை, குறைத்துத் தாருங்கள்" என்று கேட்பவருக்கும், எத்தனை கைமரம் மாற்றவேண்டும், மரத்துக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று எழுதிய தாளை முன்வைப்பவருக்கும் கிடைக்கும் விடை ஒன்றாக இராது. திருத்திய பின் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், பணத்தைக் குறைத்துத் தாருங்கள், திருத்தத்தை நாம் செய்கிறோம் என்பதே பாதுகாப்பான மறுமொழி. விற்கப்போகும் வீட்டுக்கு நல்ல மரம் வாங்கிப் போடுபவர் குறைவு.

வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை இழந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால் தம் பெயரில் எழுதுவதற்கு முன் சட்டத்தரணியைக் கேட்கவேண்டும். பலர் ஊரில் உள்ள உறவினரின் பெயரில் வாங்குகிறார்கள், அல்லது தம் சார்பில் செயற்படும் அதிகாரத்தை எழுத்தில் வழங்கும் அற்றோணித் தத்துவம் கொடுத்து அவர் மூலம் வாங்குகிறார்கள். அத்தகைய வாங்குதல்களில் வீட்டைப் பார்ப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். கைத்தொலைபேசியில் வரும் காணொலியில் வெளிச்சமான முன்மண்டபமும் புதுத்தளக் கல்லும் தெரியும். கைமரம் சுவரில் குந்தும் இடம் தெரியாது.

ஆகவே பரிசோதனையைக் கேட்கும்போதே பொறியியலாளரிடம் எழுத்தில் சிலவற்றைக் கேட்கவேண்டும். அறிக்கை பணம் கொடுப்பவரின் பெயருக்கே எழுதப்பட்டு அவருக்கே நேரடியாக அனுப்பப்படவேண்டும். ஒவ்வொரு குறையும் படத்தோடும் இடத்தோடும் இருக்கவேண்டும். பார்க்க முடியாமல் போன பகுதிகள் காரணத்தோடு தனியே எழுதப்படவேண்டும். குறைகளை உடனே திருத்தவேண்டியவை, ஓரிரு ஆண்டில் திருத்தவேண்டியவை, கவனித்துவரவேண்டியவை என்று பிரித்து முதலிரண்டுக்கும் உத்தேசச் செலவு தரப்படவேண்டும். கட்டணம் விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒரே தொகையாக, அறிக்கை கையில் வந்ததும் செலுத்தப்படவேண்டும்.